துளிர்த்த குச்சி ஏன் பட்டுப்போகிறது?

தூத்துக்குடி மில்லர்புரம் போன்ற பகுதிகளில், வீட்டு முற்றத்தில் ஒரு செம்பருத்திக் குச்சியையோ மல்லிகைக் குச்சியையோ ஊன்றிப் பார்க்காத குடும்பங்கள் குறைவு. பக்கத்து வீட்டில் ஒடித்து வாங்கிய குச்சியைத் தொட்டியில் நட்டு, காலையும் மாலையும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் கணுவில் பச்சைத் துளிர் எட்டிப் பார்க்கும். "பிடித்துக்கொண்டது" என்று வீடே மகிழும். மேலும் பத்து நாள் கழித்துப் பார்த்தால் துளிர் துவண்டு, குச்சியின் அடி கறுத்து நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் ஒரு வேர்கூட இருக்காது.

"நமக்குக் கைராசி இல்லை" என்று சொல்லி விட்டுவிடுவது வழக்கம். கைராசிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. குச்சி பட்டுப்போவதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால், செலவு அதிகம் இல்லாமல் வீட்டிலேயே பத்துக் குச்சிகளில் பெரும்பாலானவற்றை வேர்விடச் செய்யலாம். கடற்கரை ஊரான தூத்துக்குடியில் இதற்குக் கூடுதலாகச் சில கவனங்கள் தேவை.

விதை இல்லாத செடிக்குக் குச்சியே விதை

குண்டுமல்லி நம் நாட்டில் விதை வைப்பது மிக அரிது. இன்று வீடுகளில் பூக்கும் குண்டுமல்லி எல்லாம் குச்சியாகவும் பதியனாகவும் கைமாறிக் கைமாறி வந்தவையே. தாய் வீட்டிலிருந்து மகள் வீட்டுக்குப் போன குச்சி, தாய்ச் செடியின் தொடர்ச்சியே ஆகும். பூவின் அடுக்கும் மணமும் மாறுவதில்லை. வெற்றிலைக் கொடியும் அப்படியே. அடுக்குச் செம்பருத்தியும் காகிதப்பூவும்கூடப் பெரும்பாலும் குச்சியினாலேயே பரவியவை.

இதில் ஒரு வசதியும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. நல்ல செடியின் குணம் மாறாமல் கிடைப்பது வசதி. அந்த ஒரு செடி செத்துவிட்டால், வேறு இடத்தில் அதன் குச்சி வளராத வரையில், அந்தச் செடி திரும்பக் கிடைக்காது என்பது ஆபத்து.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையைத் தூத்துக்குடி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாகியது. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையே 65 செ.மீ. அளவுதான். நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கி நின்றது. மல்லிகை, ரோஜா, மாதுளை போன்ற செடிகளின் வேர் நீண்ட நாள் நீர் தேங்குவதைத் தாங்காது. மண்ணில் காற்று இல்லாமல் வேர் அழுகிவிடும். தண்ணீர் வடிந்து வெயில் வந்த பிறகு செடி வாடும். தண்ணீர் ஊற்றினாலும் எழாது. அத்தகைய நேரத்தில், அடி அழுகினாலும் மேலே பச்சையாக நிற்கும் கிளைகளை உடனே வெட்டி வேர்விடச் செய்தால் அந்தச் செடியைக் காப்பாற்றலாம். ஒரு வாரம் தாமதித்தால் அதுவும் முடியாது. குச்சி வேர்விடச் செய்யும் முறை தெரிந்திருப்பது வீட்டுக்கு எவ்வளவு பயன்படும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

துளிர் எங்கிருந்து வருகிறது?

வெட்டிய குச்சிக்குள் மாவுச்சத்தும் ஈரமும் கொஞ்சம் சேமிப்பாக இருக்கும். கணுவில் மொட்டு ஏற்கெனவே தயாராக இருப்பதால், இந்தச் சேமிப்பைத் தின்று அது விரைவில் துளிர்க்கிறது. வேருக்கு அப்படி இல்லை. குச்சியின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் வளர்திசு என்ற மெல்லிய பச்சைப் படலம் உண்டு. அதன் அருகில் உள்ள செல்கள் பிரிந்து, புதிதாக வேர் முனையை உண்டாக்கி, பட்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரவேண்டும். செடிக்கு ஏற்ப இதற்கு இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும்.

அதுவரை குச்சிக்குத் தண்ணீர் குடிக்க வாய் கிடையாது. வெட்டுவாய் வழியாகச் சிறிதளவே நீர் ஏறும். இலையோ வெயிலிலும் காற்றிலும் நீரை இழந்துகொண்டே இருக்கும். வரவு குறைந்து செலவு கூடினால் குடும்பம் என்ன ஆகுமோ அதுதான் குச்சிக்கும் ஆகிறது. ஆகவே துளிரைப் பார்த்து ஏமாறக் கூடாது. துளிர் வந்தது என்றால் சேமிப்பு செலவாகிறது என்றே பொருள்.

வாடுகிறதே என்று பயந்து அதிகம் தண்ணீர் ஊற்றுவது அடுத்த தவறு. ஈரம் தேங்கிய மண்ணில் காற்றோட்டம் இல்லை. காற்று இல்லாத இடத்தில் வேர் உண்டாகாது. அழுகல் பூஞ்சாணம்தான் வளரும். குச்சியின் அடி கறுப்பது இதனால்தான். இலையைச் சுற்றி ஈரக் காற்று இருக்கவேண்டும். குச்சியின் அடியில் ஈரமும் காற்றும் சேர்ந்து இருக்கவேண்டும். குச்சி வேர்விடச் செய்யும் முறைகள் எல்லாம் இந்த இரண்டையும் பெறுவதற்கான வழிகளே.

தூத்துக்குடியின் இரண்டு எதிரிகள்

முதல் எதிரி உப்பு. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக உள்ளது. வளர்ந்த அரளியும் காகிதப்பூவும் இந்த நீரை ஓரளவு தாங்கும். வேரில்லாத குச்சி தாங்காது. உப்பு நீர் வெட்டுவாயைக் காயச் செய்து, புதிதாகக் கிளம்பும் வேர் நுனியைச் சுட்டுவிடும். தாமிரபரணியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே குச்சிகளுக்கு ஏற்றது. மழை நீர் அதைவிடச் சிறந்தது. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடுகளில் குழாய் வழியே சொட்டும் நீரையும் சுத்தமான வாளியில் பிடித்துக் குச்சிகளுக்குத் தெளிக்கலாம். அதில் உப்பு இராது. ஆனால் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவு நீரில் உப்பு மிகுதி. மிச்சப்படுத்துவதாக எண்ணி அதைக் குச்சிகளுக்கு ஊற்றிவிடக் கூடாது.

மணலிலும் இதே கவனம் வேண்டும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் கலந்திருக்கும். அது வேண்டவே வேண்டாம். வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணல் இருந்தால் நல்லது. இல்லையெனில் எம்.சாண்ட் எனப்படும் கல் மணலைச் சலித்து, மாவு போன்ற தூளை நீக்கிக் கழுவிப் பயன்படுத்தலாம். தென்னந்தும்புத் தூளில் இயல்பாகவே உப்பு இருக்கும். அதை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று முறையாவது தண்ணீர் மாற்றிய பிறகே கலக்கவேண்டும்.

இரண்டாவது எதிரி காற்று. ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கும் மேல்காற்று ஈரப் பசையே இல்லாதது. கடற்கரை மக்கள் இதைக் கச்சான் என்பார்கள். இந்தக் காற்றில் மொட்டை மாடியில் வைத்த குச்சி ஒரு பகலிலேயே வாடிவிடும். ஐப்பசியில் வாடைக் காற்றுடன் மழை தொடங்கியதும் காற்றில் ஈரம் கூடுகிறது, வெப்பமும் தணிகிறது. ஆகவே ஐப்பசி முதல் தை வரை உள்ள காலமே இங்குக் குச்சி நடுவதற்கு மிகப் பொருத்தமானது. மற்ற மாதங்களில் நட்டால், காற்றை மறைக்கும் சுவரோரமும் மேலே மூடியும் கட்டாயம் தேவை.

தங்கச்சிமடம் காட்டும் வழி

இதே மன்னார் வளைகுடாக் கரையில், பாம்பன் தீவில் உள்ள தங்கச்சிமடம் மல்லிகைக் கன்றுகளுக்குப் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் உப்புக் கடல் இருந்தும் அங்குள்ள விவசாயிகள் மணற்பாங்கான நிலத்தில் மல்லிகைக் குச்சிகளை நெருக்கி நட்டு, வேர்விட்ட கன்றுகளாக்கி, தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் அனுப்புகிறார்கள். 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைப் பயிரிடும் விவசாயிகளும் இப்பகுதிக் கன்றுகளை வாங்கி நடுகிறார்கள்.

அங்கு இது எப்படி முடிகிறது? மணலில் தண்ணீர் தேங்குவதில்லை. குச்சியின் அடிக்குக் காற்று கிடைக்கிறது. மணலுக்கு அடியில், உப்பு நீருக்கு மேலாக மிதந்து நிற்கும் நல்ல நீர் ஆழமற்ற கிணறுகளில் கிடைக்கிறது. மணல், நல்ல தண்ணீர், அடிக்கடி சிறிதளவாகப் பாய்ச்சும் பழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து குச்சிக்கு வேர் கொடுக்கின்றன. மில்லர்புரத்து வீட்டில் ஒரு மண் சட்டிக்குள் இதே நிலையை உண்டாக்கினால் போதும்.

எந்தச் செடிக்கு எந்தக் குச்சி?

குச்சிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

மென் தண்டு: துளசி, ஓமவல்லி, சாமந்தி, மணி பிளான்ட் போன்றவை. விரல் நீளமுள்ள நுனித் தண்டு போதும். இரண்டு அல்லது மூன்று வாரத்தில் வேர்விடும்.

அரை முற்றல் தண்டு: மல்லிகை, முல்லை, செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை போன்றவை. பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய கிளையில் 12 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு, மூன்று நான்கு கணுக்களுடன் வெட்டவேண்டும். வேர்விட நான்கு முதல் எட்டு வாரம் ஆகும்.

முற்றிய தண்டு: காகிதப்பூ, அரளி, பன்னீர் ரோஜா, மாதுளை, அத்தி, திராட்சை போன்றவை. பென்சில் பருமனில் 20 முதல் 25 செ.மீ. நீளமுள்ள குச்சி தேவை. இவற்றுக்கு இரண்டு மாதம்வரை பொறுத்திருக்க வேண்டும். அரளியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. குச்சி வெட்டியதும் கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். வெட்டிய துண்டுகளைக் குழந்தைகளும் ஆடுமாடுகளும் எட்டும் இடத்தில் போடக் கூடாது.

கடையில் வாங்கும் நீண்ட காம்பு ரோஜாவைக் குச்சியாக நடுபவர்கள் உண்டு. அவை வேறொரு காட்டு ரோஜாவின் வேரில் ஒட்டுக் கட்டி வளர்க்கப்படும் ரகங்கள். தன் வேரில் நின்றால் பெரும்பாலும் வலுவாக வளர்வதில்லை. பன்னீர் ரோஜாவே வீட்டுக்கு ஏற்றது.

பனை, தென்னை ஆகியவற்றில் மேலே சொன்ன வளர்திசுப் படலம் கிடையாது. குச்சி முறை இவற்றுக்குப் பொருந்தாது. மா, கொய்யா, சப்போட்டா ஆகியவற்றின் குச்சிகள் எளிதில் வேர்விடுவதில்லை. மாவுக்கும் சப்போட்டாவுக்கும் ஒட்டும், கொய்யாவுக்குப் பதியமும் உண்டு. கறிவேப்பிலைக்குத் தாய்ச் செடியின் வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றோ புதிய விதையோ போதும். குச்சி நட்டு நாளை வீணாக்க வேண்டியதில்லை.

வெட்டும் முறை

குச்சி எடுக்கப் போகும் செடிக்கு முதல் நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடவேண்டும். மறுநாள் அதிகாலையில், வெயில் ஏறும் முன் வெட்டவேண்டும். பூவும் மொட்டும் உள்ள கிளையைத் தவிர்ப்பது நல்லது. அந்தக் கிளையின் சத்து பூவுக்குப் போய்விடும். பூச்சி, இலைப்புள்ளி, மஞ்சள் தேமல் உள்ள செடியிலிருந்து குச்சி எடுக்கவே கூடாது. நோயும் சேர்ந்தே வரும்.

கையால் ஒடித்தால் பட்டை நைந்து அழுகலுக்கு வழியாகும். புதிய பிளேடு அல்லது கூர்மையான கத்தியைப் பயன்படுத்த வேண்டும். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல்பக்கம் கணுவுக்கு ஒரு செ.மீ. மேலே சாய்வாகவும் வெட்டவேண்டும். கணுவை ஒட்டியே வேர் எளிதில் கிளம்பும். நேர் வெட்டு அடி, சாய்வு வெட்டு நுனி என்று அடையாளமும் கிடைக்கும். குச்சியைத் தலைகீழாக நட்டுவிட்டால் சரியாக வேர்விடாது. வேரை உண்டாக்கும் ஊக்கி மொட்டிலிருந்தும் இலையிலிருந்தும் கீழ் நோக்கியே இறங்கி அடியில் சேர்வதே இதற்குக் காரணம்.

அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலைகளை மட்டும் விடவேண்டும். செம்பருத்தி போல் பெரிய இலையாக இருந்தால் அவற்றையும் பாதியாக வெட்டிவிடலாம். இலை முழுவதையும் உருவிவிடுவது சரியல்ல. அந்த இரண்டு அரை இலைகள்தான் வேருக்கு உணவு தயாரிக்கின்றன. வெட்டிய குச்சியை உடனே ஈரத் துணியில் சுற்றி, நிழலில் வைத்து, அன்றே நடவேண்டும்.

நடும் முறை

அடியில் துளையுள்ள மண் சட்டி, பழைய வாளி, பாலித்தீன் பை எதுவும் போதும். துளையின் மேல் உடைந்த ஓட்டுச் சில்லையோ சிரட்டைத் துண்டையோ கவிழ்த்து வைக்கவேண்டும். அதன் மேல் கழுவிய மணலை நிரப்பலாம். மணல் இரண்டு பங்கு, உப்பு நீக்கிய தும்புத் தூள் ஒரு பங்கு என்று கலந்தால் ஈரம் இன்னும் சீராக நிற்கும். நிரப்பிய மணலில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஆறவிட்டால் பூஞ்சாணத் தொல்லை குறையும். இந்த மணலில் எருவோ யூரியாவோ சேர்க்கக் கூடாது. வேரில்லாத குச்சிக்கு உரம் தேவையில்லை. அது தீங்கே செய்யும்.

ஈர்க்குச்சியைவிடச் சற்றுப் பருமனான குச்சியால் மணலில் முதலில் துளை போட்டு, அதில் தண்டை இரண்டு கணுக்கள் மறையும்படி சற்றுச் சாய்வாக வைத்து, சுற்றிலும் விரலால் இறுக்க வேண்டும். குச்சிக்குக் குச்சி நான்கு விரல் இடைவெளி விடலாம். ஒரு முறை நன்றாக நீர் ஊற்றி, அதிகமான நீர் வடிந்த பிறகு, வளைத்த மூங்கில் சிம்புகளின் மேல் பாலித்தீன் தாளைப் போர்த்தி மூடவேண்டும். ஒன்றிரண்டு குச்சிகள்தான் என்றால், அடி வெட்டிய பெரிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தாலே போதும். உள்ளே நீர்த்துளி பனித்து நின்றால் ஈரம் சரியாக உள்ளது என்று தெரிந்துகொள்ளலாம்.

மூடிய சட்டியை நேர் வெயிலில் வைத்தால் குச்சி வெந்துவிடும். வெளிச்சம் உள்ள நிழலே வேண்டும். பனை ஓலைத் தட்டியின் கீழ், கிழக்குச் சுவரோரம் வைப்பது நல்லது. நாளுக்கு ஒரு முறை சில நிமிடம் மூடியைத் திறந்து காற்று விடவேண்டும். மணலை ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கவேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். உதிர்ந்தால் பூவாளியால் தெளிக்க வேண்டும். அழுகிய குச்சியை உடனே பிடுங்கி எறிந்துவிட்டு, தாமிர ஆக்சிகுளோரைடு மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து மணல் நனையும்படி ஊற்றினால் மற்றக் குச்சிகள் பிழைக்கும். இம்மருந்தைக் கையுறை அணிந்து கலக்கவேண்டும். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவேண்டும்.

வேர் ஊக்கி தேவையா?

தாவர வளர்ச்சி ஊக்கியை 1920-களில் ஓட்ஸ் நாற்றுகளில் ஆராய்ந்து பிரித்துக் காட்டியவர் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி வென்ட். 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிலையத்தினர், இன்டோல் பியூட்டிரிக் அமிலம் என்ற செயற்கைப் பொருள் குச்சிகளில் வேரைத் தூண்டுவதைக் கண்டறிந்து வெளியிட்டனர். இன்று நாற்றுப் பண்ணைகளில் பயன்படும் வேர் ஊக்கித் தூள்களில் பெரும்பாலும் இருப்பது இந்த அமிலமே. மென் தண்டுக்கு 0.1 சதமும் அரை முற்றல் தண்டுக்கு 0.3 சதமும் உள்ள தூள் ஏற்றது. குச்சியின் அடியை ஒரு செ.மீ. அளவு தூளில் தொட்டு, மிகுதியைத் தட்டிவிட்டு, முன்பே போட்ட துளையில் நடவேண்டும். அதிகம் பூசினால் அடி கருகும்.

மல்லிகை, காகிதப்பூ போன்றவற்றுக்கு இத்தூள் நல்ல பயன் தரும். துளசிக்கும் ஓமவல்லிக்கும் தேவையே இல்லை. தேன் தடவுவதும், சோற்றுக் கற்றாழைச் சாற்றில் நனைப்பதும், இளநீரில் ஊறவைப்பதும் வீடுகளில் வழக்கம். தேனில் வேர் ஊக்கி கிடையாது. கிருமியை ஓரளவு தடுப்பதோடு சரி. இளநீரில் உள்ள பொருள்களில் துளிரைத் தூண்டுவனவும் உண்டு. சர்க்கரை இருப்பதால் பூஞ்சாணமும் எறும்பும் சேரும். மணலும் தண்ணீரும் நிழலும் சரியாக அமையாத இடத்தில் எந்த ஊக்கியும் குச்சியைக் காப்பாற்றாது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

பாட்டில் தண்ணீரில் வேர்விடுதல்

துளசி, ஓமவல்லி, மணி பிளான்ட் ஆகியவற்றைப் பாட்டில் தண்ணீரில் வைத்தே வேர்விடச் செய்யலாம். இலை தண்ணீரில் மூழ்கக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றவேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் குச்சி அழுகுவதோடு, டெங்கு பரப்பும் கொசுவும் அந்த நீரில் முட்டையிடும். தண்ணீரில் வளர்ந்த வேர் எளிதில் முறியும். வேர் இரண்டு மூன்று செ.மீ. ஆனதும் மண்ணுக்கு மாற்றி, ஒரு வாரம் நிழலில் வைத்திருக்க வேண்டும்.

முருங்கைப் போத்தும் ஆத்தூர் வெற்றிலையும்

முருங்கைக்கு மட்டும் முறை வேறு. யாழ்ப்பாண முருங்கை போன்ற பலவாண்டு மரங்களை மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்பட்ட, மூன்று நான்கு அடி நீளப் போத்தாகவே நடுவார்கள். வெட்டிய போத்தை இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து வெட்டுவாய் உலர்ந்த பின் நட்டால் அழுகல் குறையும். மேல் நுனியில் சாணம் அப்புவது பழைய வழக்கம். சாணம் வேரைத் தருவதில்லை. ஆனால் நுனி காயாமலும் மழைநீர் இறங்காமலும் காக்கும் என்பதால் நல்ல பழக்கமே. போத்தில் வளர்ந்த மரத்துக்கு ஆணிவேர் இல்லாததால் தொடக்கத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டு பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வெளியான பி.கே.எம்.1 ரகமோ விதையில் வளர்வது. அதற்குப் போத்து வேண்டியதில்லை.

தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் ஆத்தூர் வெற்றிலை 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. கொடிக்கால் விவசாயிகள் மூன்று முதல் ஐந்து கணுக்கள் உள்ள கொடித் துண்டுகளை அகத்தி நிழலில் நடுகிறார்கள். வெற்றிலைக் கொடியின் கணுவில் பற்று வேர் முன்பே இருப்பதால் அது விரைவில் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் நிழலான சட்டியில் இரண்டு கணுக்கள் மண்ணில் இருக்கும்படி நட்டு வளர்க்கலாம்.

வேர்விட்ட பின்

குச்சியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பது பலருடைய பழக்கம். புதிய வேர் நூலைவிட மெல்லியது. ஒரு இழுப்பில் அறுந்துவிடும். நான்கு வாரம் கழித்து மெதுவாக இழுத்துப் பார்த்தால் போதும். வர மறுத்தால் வேர் இருக்கிறது. அதன் பிறகு பாலித்தீன் மூடியை நாளுக்கு ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டிக்கொண்டே திறந்து, பத்து நாளில் முழுவதும் எடுத்துவிடலாம். ஒரே நாளில் எடுத்தால் கன்று வாடிவிடும்.

பிறகு செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்த பைக்கு மாற்றவேண்டும். இந்தக் கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி தூளைச் சிறிது சேர்த்தால் வேரழுகல் வராமல் தடுக்கும். மல்லிகைக் கன்று நிலத்தில் நடத் தகுதி பெற, குச்சி நட்டதிலிருந்து மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும். நடும் இடத்தைத் தரையிலிருந்து ஓர் அடியாவது மேடாக்குவது இனி தூத்துக்குடி வீடுகளுக்கு அவசியம். தொட்டியானால் இரண்டு செங்கல் மேல் வைத்து, துளை அடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிணற்று நீரின் உப்பு அளவு தெரியாதவர்கள், ஒரு பாட்டில் நீரை மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலும் வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம்.

ஆண்டுக்கு ஒரு முறை, ஐப்பசி மழை தொடங்கியதும், வீட்டில் உள்ள நல்ல செடி ஒவ்வொன்றிலும் ஐந்தாறு குச்சிகள் வெட்டி நட்டு வைப்பது நல்ல வழக்கம். அவற்றில் வேர்விட்ட கன்றுகளில் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தெருவிலும் உறவிலும் கொடுத்துவிட வேண்டும். முடிந்தால் ஒன்று வேறு ஊருக்கே போகட்டும். அடுத்த பெருமழையில் ஒரு வீட்டுச் செடி அழுகினாலும், கொடுத்து வைத்த வீட்டில் அதே மல்லிகை பூத்துக்கொண்டிருக்கும். ஒரு குச்சி கேட்டால் போதும், செடி திரும்பி வந்துவிடும்.